வாய் தைத்த பெண்

பெட்டிப் படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் யாராவது மிச்சம் இருந்தால் அவருக்கு ஒரு பெரிய கும்பிடு. அந்தப் படத்துக்கு முறையாக ஒரு பெயர் உண்டு. ஆனால் பெட்டிப் படம் என்றால்தான் எவருக்கும் தெரியும். கதை இவ்வளவுதான்: ஒரு பழைய வீடு, அதில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் இருந்து கிளம்பி ஐந்து வயதுப் பெண்குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பேய். பேயை அடக்குகிறேன் பேர்வழி என்று பெற்ற தாயே குழந்தையைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டு மூடுகிறாள். குழந்தை மூடியைத் தள்ளித் தள்ளி ‘அம்மா, அம்மா’ என்று கத்துகிறது. வந்த புதிதில் படம் ஊற்றிக்கொண்டது. அப்புறம் எப்படியோ தப்பிப் பிழைத்து, இப்போது யாரோ புண்ணியவான்கள் அதைத் துடைத்து, மெருகேற்றி, பளிச்சென்று புதுப் பிரதியாக வெளியிட்டுவிட்டார்கள். போதாதா? பேய்ப்படப் பைத்தியங்களின் குழுவில் பொழுது விடிந்தால் கச்சேரிதான்.

“இப்ப வர்ற பேய்ப்படமெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும்” என்று ஒருவன். “பெட்டி சீன் பார்த்துட்டு ஒரு வாரம் லைட்டை அணைக்காமத் தூங்கினேன்” என்று ஒருத்தி. “முதல் பாதி ஒரே ஜவ்வு. ஆனா அந்தக் குழந்தை இருக்கே, நடிப்பு ராட்சசி!” என்று இன்னொருவன். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள், இதயப் படங்கள். அஞ்சு வயதில் இப்படி அழத் தெரிந்தால் அது பிறவி வரமாம். ஒரு பெரிய மனிதர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு எழுதுவதற்கு என்ன செலவு?

அந்த நடிப்பு ராட்சசி இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறாள். அங்கே டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை அவளை ஸ்கேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஸ்கேன் அறை நாலாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இருந்தும் அவள் படியேறித்தான் வருவாள், மழையில் நனைந்து மூட்டு வலித்தாலும் படிதான். வீட்டில் குளியலறைக் கதவைத் தாழ்போட மாட்டாள். குளிரில் பல் கிட்டித்தாலும் போர்வையை முகத்துக்கு மேல் இழுக்க மாட்டாள். துணிப்பெட்டியில் போடுகிற நாப்தலின் உருண்டை வாசனை பட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. படம் எடுத்த நாளைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பது ஒரு இருட்டும் அந்த வாசனையும் மட்டும்தான்.

மீதியை எல்லாம் அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அம்மா அந்தப் படத்துக்குத் துணி தைத்த தையல்காரி. நடிக்க வேண்டிய குழந்தை பெட்டியைப் பார்த்ததும் வீறிட்டு ஓடிவிட்டதாம். தையல்காரம்மா தன் மகளைக் கொண்டுபோய் நிறுத்தினாளாம். “ஒரே டேக்! நான் பின்பக்க ஷெட்ல மெஷின்ல உட்கார்ந்திருக்கேன், கைதட்டற சத்தம் கேக்குது. ஓடி வந்து பார்த்தா, இவ பிஸ்கட்ட வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிக்கறா!” என்று தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், பால்காரர், பக்கத்து வீட்டுக்காரி, யாரையும் விட்டுவைக்காமல் சொல்லுவாள். சொல்லி முடித்ததும் மகளைக் காட்டி, “அப்பேர்ப்பட்டவ இன்னைக்கு லிஃப்ட்ல ஏறப் பயப்படறா, பயந்தாங்கொள்ளி” என்று ஒரு சிரிப்பு சிரிப்பாள். கேட்கிறவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். ஸ்கேன் அக்காவும் அசடு வழிவாள். இத்தனை வருஷமாக அப்படித்தான் ஓடியது.

இதெல்லாம் பழைய கதையாகவே போயிருக்கும். ஆனால் இப்போது பெட்டிப் படத்தை மறுபடியும் எடுக்கப் போகிறார்களாம். அந்தக் கம்பெனியில் இருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். பழைய படத்தில் நடித்த குழந்தைக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கும் ஏறக்குறைய அதே வயது என்று எங்கேயோ மோப்பம் பிடித்திருக்கிறான். “அதே பெட்டி சீன், அதே குடும்பம். விளம்பரமே தனியா வேண்டாம்மா!” என்று குதித்தான். அந்த மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. வாலுவுக்குத் தலைகால் புரியவில்லை. தையல்காரம்மா அன்றைக்கே வெள்ளைத் துணி எடுத்து, பழைய படத்தில் இருந்த அதே மாதிரி ஃப்ரில் வைத்த கவுன் வெட்டிவிட்டாள். நாளைக்குக் காலையில் கார் வரும், டெஸ்ட் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஸ்கேன் அக்கா மட்டும் வேண்டாம் என்றாள். ஏன் வேண்டாம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு வந்த வினை. அவள் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக், நல்ல மனுஷன், ஆனால் நியாயம் பேசினால் தாங்காது. “காரணம் சொல்லு, கேட்டுக்கறேன். குழந்தை ஆசைப்படுது, பாட்டி கூடவே போறாங்க. நீயும் நடிச்சவதானே? உனக்கு என்ன ஆயிடுச்சு?” என்றார். தையல்காரம்மா அதே பாட்டைப் பாடினாள். “உனக்கு என்னடி ஆயிடுச்சு? நல்லாத்தானே இருக்க? உலகமே உன் மகளோட நடிப்பு எப்படி இருக்குமோன்னு காத்துக்கிட்டு இருக்கு, நீ குறுக்க நிக்கற.” ஸ்கேன் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எதன் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த எரிச்சலோடுதான் அன்றைக்கு வேலைக்கு வந்தாள்.

ஸ்கேன் அறையில் வேலை எப்படி என்றால், ஆளைப் படுக்க வைத்துக் குழாய் மாதிரி இருக்கிற இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். உள்ளே ‘டக டக’ என்று மண்டையைப் பிளக்கிற சத்தம். பாதிப் பேருக்கு உள்ளே போனதும் மூச்சு முட்டும். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருப்பார்கள். அழுத்தினால் வெளியே மணி அடிக்கும். மற்ற ஷிஃப்டில் இருக்கிறவர்கள் மணி அடித்தால், “கொஞ்சம் பொறுங்க, முடியப் போகுது” என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டுவார்கள். ஸ்கேன் அக்கா அப்படி இல்லை. அவள் மைக்கை விட்டு வாயை எடுக்கவே மாட்டாள்.

“தலையில பின், ஊசி, ஊக்கு எதுவும் இல்லையே? சரி. நான் இங்கதான் இருக்கேன் பெரியம்மா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு உங்களையேதான் பார்த்துக்கிட்டு இருக்கேன். கூப்பிட்டா உடனே வெளிய எடுத்துடுவேன்.”

அன்றைக்கு அந்தப் பெரியம்மா இரண்டு முறை பந்தை அழுத்தினாள். இரண்டு முறையும் ஸ்கேன் அக்கா எல்லாவற்றையும் நிறுத்தி, உள்ளே ஓடி, அவளை வெளியே இழுத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தாள். அதனால் மற்றவர்களுக்கு நேரமானது. மேலே இருந்து திட்டு வந்தது. திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் நர்ஸம்மா டப்பாவைத் திறக்கும் முன்பே போனைத் திறந்தாள். நர்ஸம்மாவுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். அந்தக் குழுவில் அவளும் ஒரு மெம்பர். பெட்டிப் படத்துக் குழந்தையோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை.

“அக்கா, இன்னைக்கு ஒருத்தன் எழுதியிருக்கான் பாருங்க. ‘குழந்தை அம்மான்னு கத்தும்போது, படத்துல அம்மாவா வர்ற நடிகை வலது பக்கம் நிக்கறா. ஆனா குழந்தை அவளப் பாக்கவே இல்ல. இடது பக்கமா, காமிராவுக்கு வெளிய எதையோ பாக்குது. பாத்துக்கிட்டேதான் அம்மான்னு கத்துது. இது டைரக்டரோட மேதைமை. குழந்தை பேயையே அம்மான்னு நினைக்குதுன்னு அர்த்தம்.’ எப்படிக்கா? என்னமா யோசிக்கறானுங்க!”

“வேலை வெட்டி இல்லாதவன் என்ன வேணா யோசிப்பான். சாப்பிடு.”

“இருங்கக்கா. இன்னும் இருக்கு. குழந்தைக்குப் பின்னாடி ஒரு பீரோ நிக்குது இல்ல? அதுல ஆளுயரக் கண்ணாடி. பழைய பிரதில அது வெறும் மங்கல். இப்ப சுத்தம் பண்ணின பிறகு அதுல ஒரு பொம்பள தெரியறா! குழந்தை எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கத்துல நிக்கறவளோட பிம்பம். வாய் தைச்ச பொம்பளன்னு பேர் வச்சிருக்கானுங்க. போன வாரம் பூரா இதே பேச்சு. உதட்ட ஊசி நூலால தைச்சிருக்கு, கழுத்துல தூக்குக் கயிறு தொங்குது. படத்துல அப்படி ஒரு பாத்திரமே கிடையாதுக்கா! நிஜப் பேயே காமிராவுல விழுந்துடுச்சுன்னு ஒரு கோஷ்டி. படத்துல வர்ற அப்பாவோட முதல் சம்சாரத்து ஆவின்னு ஒரு கோஷ்டி. அந்த முகத்தைப் பாருங்க, அதுல இருக்கற வெறி...”

“கொண்டா இங்க.”

நர்ஸம்மா படத்தைப் பெரிதாக்கி நீட்டினாள். ஸ்கேன் அக்கா அலட்சியமாகத்தான் வாங்கினாள். வாங்கியவள் படத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

கழுத்தில் தொங்கியது தூக்குக் கயிறு இல்லை, அளவு டேப். உதட்டில் இருந்தது தையல் இல்லை. குண்டூசிகள். வரிசையாக, கூர் உள்பக்கமாக, உதட்டுக்கு நடுவே கடித்துப் பிடித்த குண்டூசிகள். துணியில் ஊசி குத்தும்போது மிச்ச ஊசியை எப்போதும் அப்படி வாயில் வைத்துக்கொள்கிற ஒரே ஒரு பெண்ணைத்தான் ஸ்கேன் அக்காவுக்குத் தெரியும். பிறந்த நாளில் இருந்து தெரியும்.

பின்பக்க ஷெட்டில் மெஷினில் உட்கார்ந்திருந்தாளாமே!

“என்னக்கா, பயந்துட்டீங்களா? முகமே வெளிறிடுச்சு” என்றாள் நர்ஸம்மா ஆசையாக.

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல. வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு” என்று ஸ்கேன் அக்கா கத்தினாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், நர்ஸம்மா என்ன செய்வாள்? அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அரை நாள் லீவு போட்டு, ஸ்கேன் அக்கா படியிறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் கோபம் ஏறிக்கொண்டே போனது. தான் ஏன் படியில் இறங்குகிறோம் என்று நினைக்க நினைக்க இன்னும் ஏறியது.

வீட்டின் முன்னறைதான் தையல்காரம்மாவின் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டுப்பலகை, சுவர் முழுக்க ஹேங்கரில் மாட்டிய பிளவுஸ்கள், தரையில் எங்கே காலை வைத்தாலும் துணித் துண்டு. வாலு ஒரு முக்காலி மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது. உடம்பில் அந்த வெள்ளைக் கவுன். தையல்காரம்மா முட்டி போட்டு, ஃப்ரில்லுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். வாய் நிறைய குண்டூசி.

ஸ்கேன் அக்காவுக்கு அதைப் பார்த்ததும் ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. அதே கவுன், அதே ஊசி, அதே வாய்.

“அம்மா, பெட்டி சீன் எடுத்தப்போ நீ எங்க இருந்த?”

“ம்ம்?”

“வாயில இருக்கறத எடுத்துட்டுச் சொல்லு.”

தையல்காரம்மா ஊசிகளை உள்ளங்கையில் துப்பினாள். “வந்ததும் வராததுமா என்னடி விசாரணை? எத்தன வாட்டி சொல்றது? பின்பக்க ஷெட்ல மெஷின்ல...”

ஸ்கேன் அக்கா போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். படத்துக்குக் கீழே ‘வாய் தைத்த பேய், முகத்தில் என்ன வெறி!’ என்று எவனோ எழுதியிருந்தான். தையல்காரம்மா நெற்றியில் ஏற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். மெஷின் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“நாசமாப் போறவனுங்க. இவ்ளோ தெளிவாவா தொடச்சு வப்பானுங்க?” என்றாள்.

பாருங்கள், மாட்டிக்கொண்டதும் அவளுக்கு வந்த முதல் பேச்சு அதுதான்.

“அப்ப அது நீதான். அங்கயேதான் நின்னுருக்க. நான் கத்தக் கத்தப் பார்த்துக்கிட்டு நின்னுருக்க!”

“குழந்தை முன்னால எதுக்கு...”

“குழந்தை கேக்கட்டும்! நாளைக்கு அவளத்தானே அனுப்பப் போற? ஊர்ல இருக்கறவன் எல்லாம் நடிப்பு நடிப்புங்கறான். நீயும் அதையே சொன்ன. ஒரே டேக்குன்னு சொன்ன, சிரிச்சேன்னு சொன்ன. தாழ்போட்டுக் குளிக்கத் தெரியாத பைத்தியம்னு என்னக் கேலி பண்ணின. எத்தன டேக்? உண்மையச் சொல்லு!”

வாலு விரித்த கையைக் கீழே போடாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

தையல்காரம்மா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.

“ரெண்டு” என்றாள்.

“ரெண்டா?”

“அந்த இன்னொரு பொண்ணு ஓடிப்போனதும் எல்லாரும் கையப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. நான்தான் வீம்புக்குப் போய், என் பொண்ணு பயப்பட மாட்டா, சூரப்புலின்னு சொன்னேன். எனக்கு அப்ப என்ன வயசு? நம்ம பொண்ணு திரையில வரப்போறாளேன்னு ஒரே பெருமை. பெட்டிக்குள்ள ஒளிஞ்சு விளையாடலாம், அம்மா பக்கத்துலயே இருப்பேன்னு உங்கிட்டச் சொல்லித்தான் படுக்க வச்சேன். அவங்க மூடினாங்க. நீ கொஞ்ச நேரம் சும்மா இருந்த. அப்புறம் மூடியத் தள்ளிட்டு, என்னப் பார்த்து அம்மான்னு கூப்பிட்ட. நான்...” தையல்காரம்மா சுருட்டிய டேப்பை மறுபடியும் பிரித்தாள். “நான் என்னையும் அறியாம, ‘இதோ இருக்கேன்டா கண்ணு’ன்னுட்டேன். அவ்வளவுதான், அந்த டைரக்டர் சாமியாடிட்டான். என் குரல் பதிவாயிடுச்சாம், எடுத்தது பூரா வீணாம். திரும்ப உன்ன உள்ள போடச் சொன்னான். இன்னொரு வாட்டி நீ வாயத் தொறந்தா இன்னொரு வாட்டி போடுவேன், நீ தொறக்கத் தொறக்கப் போட்டுக்கிட்டே இருப்பேன்னான்.”

“அதுக்கு?”

“டப்பால இருந்த ஊசி எல்லாத்தையும் அள்ளி வாயில வச்சுக்கிட்டேன். இறுக்கிக் கடிச்சுக்கிட்டா சத்தம் வராது இல்ல?”

தையல்காரம்மா டேப்பை வெட்டுப்பலகை மேல் போட்டாள்.

“ரெண்டாவது வாட்டி நீ ரொம்ப நேரம் கூப்பிட்ட. உதடெல்லாம் குத்தி ரத்தம். அவனுங்க வெறி வெறின்னு எழுதறானுங்களே, அந்த மூஞ்சி அதுதான்.”

“பெட்டியத் தொறந்து என்னத் தூக்கிட்டு வந்திருக்கலாமே அம்மா. அவன் மூஞ்சில காறித் துப்பிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாமே.”

“வந்திருக்கலாம்” என்றாள் தையல்காரம்மா.

அழுவாள், சத்தியம் செய்வாள், அந்தக் காலத்தில் எங்களுக்கு என்ன தெரியும் என்று பூசி மெழுகுவாள் என்றுதான் ஸ்கேன் அக்கா எதிர்பார்த்து வந்திருந்தாள். அதற்கெல்லாம் சுடச்சுடப் பதில் தயாராக வைத்திருந்தாள். இந்த ‘வந்திருக்கலாம்’ என்கிற ஒற்றைச் சொல்லை என்ன செய்வது என்று தெரியவில்லை. கோபம் குறையும் என்று நினைக்காதீர்கள். இரண்டு மடங்கானது.

“இவ்வளவும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, நாளைக்கு இவளையும் கூட்டிட்டுப் போறேன்னு கவுன் தைக்கறியே, நீ மனுஷியா?”

“இப்ப காலம் மாறிடுச்சுடி. அந்தத் தம்பி நல்ல மாதிரி. நானும் கூட இருப்பேன்னுதானே...”

“அன்னைக்கும் கூடத்தானே இருந்த!”

அது சுவரில் பட்டு அறை முழுக்க ஒலித்தது. வாலுவின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

“உனக்கு ஒண்ணும் ஆகலன்னு எனக்கு நானே சொல்லிக்கணும் இல்ல?” தையல்காரம்மாவின் குரலும் இப்போது உயர்ந்தது. “நீ சிரிச்ச, பிஸ்கட் தின்னன்னு வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் சொல்லிச் சொல்லி, அதுதான் நடந்துச்சுன்னு நானே நம்பிட்டேன். இவளும் போய், நடிச்சுட்டு, நல்லபடியாச் சிரிச்சுக்கிட்டு வந்துட்டா, அப்ப உனக்கும் ஒண்ணும் ஆகலன்னுதானே ஆகும்? அதுக்குத்தான்டி பறந்தேன். போதுமா?”

“உன் மனசு ஆறறதுக்கு என் குழந்தையப் பெட்டிக்குள்ள போடணுமா? நல்லா இருக்கு உன் நியாயம்!”

வெட்டுப்பலகை மேல் கிடந்த தையல்காரம்மாவின் போன் அடித்தது. கம்பெனித் தம்பி. நாளைக்குக் கார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்பதற்குத்தான் இருக்கும். தையல்காரம்மா மகளைப் பார்த்தாள். ஸ்கேன் அக்கா போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அம்மாவின் மடியில் வைத்தாள்.

“நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு.”

“அம்மா, வணக்கம்! குட்டி ஸ்டார் என்ன பண்றாங்க?” என்றது போன்.

தையல்காரம்மா போன் பக்கம் குனிந்தாள். “குழந்தை வராது தம்பி.”

“ஐயோ, என்னம்மா திடீர்னு? உடம்பு சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அனுப்பறதா இல்ல.”

“யாராவது பயமுறுத்திட்டாங்களா? பழைய மாதிரி எல்லாம் இல்லம்மா. எல்லாமே விளையாட்டு மாதிரிதான் எடுப்போம். நீங்க பக்கத்துலயே நிக்கலாம். ஆனா ஒண்ணு, குழந்தை உங்களப் பாத்துட்டா கவனம் சிதறும், கொஞ்சம் மறைவா நின்னுக்கணும், சத்தம் மட்டும் போட்டுடக் கூடாது. அவ்ளோதான்.”

தையல்காரம்மாவின் முகம் மாறியது. ஸ்கேன் அக்காவுக்குச் சட்டென்று போனில் இருந்த அந்தக் கண்ணாடி முகம் ஞாபகம் வந்தது. அதே முகம்தான், ஊசிதான் இல்லை.

“தம்பி, அந்தக் கண்ணாடில ஒருத்தி நிக்கறாளே. அது நான்தான்.”

மறுமுனையில் ஒரு கூச்சல். “வாய் தைச்ச பொம்பளையா? நீங்களா? அம்மா, சத்தியமா எனக்குப் புல்லரிக்குது! இதை ஏம்மா முன்னாடியே சொல்லல? குழந்தை விஷயம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல நீங்க நம்ம விழாவுக்கு வாங்க. அதே மாதிரி வாயில ஊசிய வச்சுக்கிட்டு மேடையில ஒரே ஒரு போஸ் குடுங்க, ஜனங்க அலறிடுவாங்க...”

“டேய்!”

அந்த முன்னறையில் அப்படி ஒரு குரல் இதுவரை கேட்டதில்லை. வாலு முக்காலியில் ஆடிப் போனது. ஸ்கேன் அக்கா பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

“வாய் தைச்ச பொம்பளையாம், பேயாம்! எவன்டா எழுதினது? அது பேய் இல்லடா, பெத்தவ! என் பொண்ணு நடிக்கலடா. நடிப்புன்னு நீங்க கைதட்டறீங்களே, அது நடிப்பே இல்லடா. அவ என்னத்தான் கூப்பிட்டா! நான் அங்கயே நின்னுக்கிட்டு என்னன்னு கேக்கல! இதப் போடு உன் விளம்பரத்துல. போய் எழுதச் சொல்லு எல்லாரையும். இனி இந்த நம்பருக்குப் போன் பண்ணினே, கத்தரிக்கோலோட வந்து நிப்பேன்!”

போன் எப்போதோ அணைந்திருந்தது. அது தெரியாமல் அவள் இன்னும் கொஞ்ச நேரம் திட்டினாள். திட்டி முடித்து, இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“இதை அன்னைக்குக் கத்தியிருக்கணும்” என்றாள் ஸ்கேன் அக்கா.

“ஆமா.”

“நான் உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத.”

“நினைக்கல.”

“பாட்டி, நான் இன்னும் எவ்ளோ நேரம் ஆடாம நிக்கணும்?” என்று வாலு அழுகையும் கோபமுமாகக் கேட்டது. அதற்கு ஒன்றும் புரியவில்லை. நாளைக்குக் கார் வராது என்பது மட்டும் புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

தையல்காரம்மா எழுந்து வந்து ஃப்ரில்லில் குத்திய ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். முதல் ஊசி பழக்கத்தில் உதட்டுப் பக்கம் போனது. ஸ்கேன் அக்கா கையை நீட்டினாள். தையல்காரம்மா அந்த ஊசியை மகள் கையில் வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள். எல்லா ஊசியும் வந்ததும், “கையத் தூக்கு கண்ணு” என்று சொல்லிக் கவுனைத் தலைவழியாகக் கழற்றினாள். கழுத்துப் பட்டன் போட்டபடியே இருந்தது. கவுன் தலையிலேயே மாட்டிக்கொண்டது. வெள்ளைத் துணிக்குள் வாலுவின் தலை தெரியவில்லை, கை இரண்டும் மேலே சிக்கி உதறின.

“அம்மா! அம்மா!” என்று உள்ளே இருந்து கத்தியது.

“இதோ இருக்கேன்டா” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஸ்கேன் அக்கா பட்டனை அவிழ்த்துக் கவுனை உருவி எறிந்தாள். வாலு கலைந்த தலையோடு வெளியே வந்து பாட்டியை முறைத்தது.

“நான் ஒண்ணும் உங்களக் கூப்பிடல பாட்டி. எங்க அம்மாவத்தான் கூப்பிட்டேன்.”

ஸ்கேன் அக்கா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தன் அம்மாவைப் பார்த்தாள்.

“நானும் எங்க அம்மாவத்தான் கூப்பிட்டேன்” என்றாள்.